நெஞ்சு என்ன சுவரா?

அந்தப் பல்பொருள் அங்காடியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காய்கறிப் பிரிவின் மூலையில், மின்தராசுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வெங்காயமும் தக்காளியும் நிறுத்து விலைச்சீட்டு ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. யாரோ ஒருநாள் வேடிக்கையாகத் ‘தராசு’ என்று கூப்பிடப்போக, அது ஒட்டிக்கொண்டது. இளையவர்களுக்குத் தராசு அக்கா. மேலாளருக்கும் அக்காதான்; அவனுக்குத் தம்பி வயது.

சுபாவத்தில் அவள் சண்டைக்காரி இல்லை. தக்காளியை நசுக்கிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்களைக்கூட ஒரு பார்வையோடு விட்டுவிடுவாள். அப்படிப்பட்டவளை ஒரு டீ-ஷர்ட் மாற்றிவிட்டது என்றால் நம்புவது கஷ்டம்தான்.

ஆண்டு விற்பனைக்கு முந்தைய வாரம் அட்டைப்பெட்டிகளில் புதுச் சீருடை வந்து இறங்கியது. அதுவரை அவர்கள் போட்டது சாம்பல் நிறம், காலர் வைத்தது, இடது பக்கம் கட்டைவிரல் அளவுக்குக் கடையின் சின்னம். வெளுத்துப் போயிருந்தாலும் கௌரவமான துணி. புதிதாக வந்தது கண்ணைக் குத்தும் மஞ்சள். காலர் கிடையாது, வட்டக் கழுத்து, உடம்பைப் பிடித்த தையல். மார்பில் இந்த அக்குளிலிருந்து அந்த அக்குள்வரை கொட்டை எழுத்தில் சிவப்பாக ஒரு வரி: ‘ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம்!’

பெண்கள் உடை மாற்றும் அறையில் முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. பிறகு ஒவ்வொருத்தியும் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

ஆண்களுக்கும் மஞ்சள்தான். ஆனால் அவர்களுக்கு எழுத்து முதுகில் இருந்தது. ஏன் என்று தராசு போய்க் கேட்டாள். மேலாளரிடம் பதில் தயாராக இருந்தது.

“அவங்க ரேக்ல சாமான் அடுக்குறவங்கக்கா. கஸ்டமருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாங்க. நீங்க கஸ்டமரைப் பாத்து நிக்கிறவங்க. அதனால உங்களுக்கு முன்னாடி. விளம்பரக் கம்பெனியில யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க.”

“யோசிச்சது ஆம்பளைங்களா?”

“அதெல்லாம் எனக்கு எப்படிக்கா தெரியும்?” என்றான் அவன், டையைச் சரிசெய்துகொண்டே. அவனுக்கு மட்டும் சட்டையும் டையும்.

கடை திறந்து வெகுநேரம் ஆகவில்லை. பில் போடும் வரிசையில் கடைசி கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். சேர்ந்து கொஞ்ச காலமே ஆனதால் எல்லாருக்கும் ‘புதுசு’. சோப்பும் பிளேடும் எடுத்துக்கொண்டு ஒருவன் அவளிடம் வந்து நின்றான். பணத்தை எடுக்காமல் அவள் மார்பை எழுத்துக்கூட்டிப் படித்தான். “ஒன்று... எடுத்தால்... ஒன்று... இலவசம்.” பிறகு நிமிர்ந்தான். “எதை எடுத்தா எது இலவசம்? கொஞ்சம் வெவரமா சொல்லும்மா.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். புதுசும் சிரித்தாள். வாடிக்கையாளர் எது சொன்னாலும் சிரிக்க வேண்டும் என்று சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாடத்தை அவள் மறக்கவில்லை. தராசு தன் மூலையிலிருந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் அதற்குமுன் யார் முகத்திலும் பார்த்ததில்லை. உதடு மட்டும் சிரித்தது. மற்றதெல்லாம் வேறு எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது.

அன்று முழுக்க அந்த நகைச்சுவை வேறு வேறு வாய்களில் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவனும் அதைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டான். தராசையும் விடவில்லை. அவள் அப்பா வயதிருக்கும் ஒருவர், பூசணித் துண்டை மின்தராசில் வைத்துவிட்டு, கண்ணை அவள் மார்பில் வைத்துவிட்டு, “ஆஃபர் இன்னிக்கு மட்டுமா, தினமுமா?” என்றார். அவள் விலைச்சீட்டை அச்சடித்து, பூசணியில் ஒட்டாமல் அவர் கையிலேயே ஒட்டினாள். “எடுத்துக்கிட்டுப் போங்க” என்றாள். வாய்க்கு வந்ததை விழுங்கியதில் அன்று அவளுக்குப் பகல் சாப்பாடே இறங்கவில்லை.

மதியத்துக்கு மேல் புதுசு இறைச்சிப் பிரிவிலிருந்து ஒரு ஏப்ரனை வாங்கி டீ-ஷர்ட்டுக்கு மேல் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மேலாளர் வந்தான். எல்லார் முன்னாலும் அதை அவிழ்க்கச் சொன்னான். அவள் அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் நேரமானது. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தராசு அவன் அறைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள்.

“பெருசு பண்ணாதீங்கக்கா” என்றான் அவன். “வெறும் டீ-ஷர்ட்.”

தராசின் வீடு இரண்டு அறை. கணவன் சரக்கு வண்டி ஓட்டுபவன். வாரத்தில் பாதி நாள் சாலையில். நாத்தனார் அவர்களோடுதான் இருந்தாள். பின்னலாடைத் தொழிற்சாலையில் டீ-ஷர்ட்டுக்குக் கழுத்து வைத்துத் தைக்கும் வேலை அவளுக்கு. அன்று மாலை தராசு மஞ்சள் டீ-ஷர்ட்டைக் கழற்றி நாற்காலியில் வீசியதும், நாத்தனார் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.

“இந்தப் பக்கத்துல இருந்து பாத்தா அந்தப் பக்கம் தெரியுது அண்ணி. இது இனாம் சரக்கு.”

“அப்படின்னா?”

“எங்க லைன்ல இதுக்குப் பேரே அதான். விளம்பரத்துக்குன்னு தைக்கிறது. போடுறவங்க காசு கொடுத்து வாங்கப் போறதில்ல, அதனால துணியும் மட்டமா இருந்தா போதும். ஓட்டப் பந்தயத்துக்கு ஒரு லோடு, பெயிண்ட் கம்பெனிக்கு ஒரு லோடு. தேர்தல் வந்துட்டா கேக்கவே வேணாம். காலையில ஒருத்தர் மூஞ்சி போட்டு வரும், சாயந்திரம் அவரை எதுத்து நிக்கிறவர் மூஞ்சி. ரெண்டுக்கும் அதே துணி, அதே தையல். ரெண்டும் துவைச்சா ஒரே மாதிரி சாயம் போகும்.”

தராசுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல நாத்தனாரின் முகம் மாறியது. அவள் டீ-ஷர்ட்டை மேஜைமேல் விரித்துப் போட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிவிட்டாள்.

“இப்படி விரிச்சா டி எழுத்து மாதிரி இருக்கில்ல, அதான் இந்தப் பேருன்னு எங்க சூப்பர்வைசர் சொல்வார். இது முதல்ல உள்ள போட்டுக்கிற பனியனாம் அண்ணி. கப்பல்ல வேலை செய்றவங்க, பட்டாளத்துக்காரங்க, சட்டைக்குள்ள போட்டது. வேர்த்துக் கொட்டும்போது சட்டையைக் கழட்டி வச்சுட்டு இதோடயே வேலை பாத்தாங்களாம். அப்படியே தெருவுக்கும் வந்துடுச்சு. உள்ள போடுறதைப் போட்டுக்கிட்டு வெளிய வர்றியான்னு அந்தக் காலத்துல திட்டிக்கூட இருப்பாங்க.”

“அப்போ உள்ள இருந்தது வெளிய வந்துச்சு” என்றாள் தராசு.

“ஆமா.”

தராசு கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீ-ஷர்ட்டின் கழுத்துக்குள் கையை விட்டு, உள்புறத்தை வெளியே இழுத்தாள். எழுத்து உள்ளே போய்விட்டது. தையல் விளிம்புகளும் நூல் பிசிறுகளும் வெளியே வந்தன.

“வெளிய இருக்கிறது உள்ள போகட்டுமே” என்றாள்.

நாத்தனார் கத்தரிக்கோலை எடுத்துவந்து பிசிறுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். “போறதுதான் போறீங்க, நல்லா இருக்கட்டும்” என்றாள்.

மறுநாள் காலை தராசு உள்வெளியாகப் போட்டுக்கொண்ட டீ-ஷர்ட்டோடு தன் இடத்தில் நின்றாள். மெல்லிய துணி என்பதால் எழுத்து லேசாகத் தெரியத்தான் செய்தது, ஆனால் இடவலம் மாறி. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊர் எழுத்தும்மா?” என்று கேட்டார். “உங்க வீட்டுக் கண்ணாடிக்குத்தான் புரியும் ஐயா” என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டு உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டு போனார்.

மேலாளர் கண்ணில் பட அதிக நேரம் ஆகவில்லை.

“என்னக்கா இது?”

“டீ-ஷர்ட்.”

“திருப்பிப் போட்டிருக்கீங்க.”

“போட்டுக்கணும்னு சொன்னீங்க. போட்டிருக்கேன்.”

“விளையாடாதீங்க. எழுத்து வெளிய தெரியணும்.”

“தம்பி, எங்க வீட்டுக்குக் கீழ ஒரு சுவர் இருக்கு. டயர் கம்பெனிக்காரன் அதுல விளம்பரம் எழுதணும்னு வந்தான். முதல்ல வீட்டு ஓனர் கதவைத் தட்டினான், கேட்டான், அவர் சரின்னதுக்கு அப்புறம்தான் பிரஷ்ஷை எடுத்தான். சுவத்துக்கே கேக்குறாங்க. எங்க நெஞ்சுல எழுதறதுக்கு யாரைக் கேட்டாங்க?”

அவனுக்குக் காது சிவந்தது. கோபமா வெட்கமா என்று சொல்ல முடியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

“நீங்க ஒண்ணு செய்ங்க” என்றாள் அவள் தணிந்த குரலில். “உங்களுக்கு ஒரு டீ-ஷர்ட் தர்றேன். இன்னிக்கு ஒரு பொழுது அதைப் போட்டுக்கிட்டு கடைசி கவுண்டர்ல உக்காருங்க. அப்புறம் வந்து வெறும் டீ-ஷர்ட்டுன்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்.”

அவன் அவளைக் கிடங்கில் போய் மூட்டை பிரிக்கச் சொன்னான். அங்கே யார் கண்ணிலும் பட மாட்டாள் என்பது அவன் கணக்கு. அவள் போனாள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கினாள். பயம் இல்லாமல் இல்லை. வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்று மனம் ஒரு பக்கம் ஓடியது. ஆனால் புதுசின் அந்தச் சிரிப்பு இன்னொரு பக்கம் வந்து குறுக்கே நின்றது.

சாப்பாட்டு நேரம் முடிந்து கிடங்குக் கதவு திறந்தது. புதுசு நின்றாள். டீ-ஷர்ட் உள்வெளியாக இருந்தது.

“என்னையும் இங்க வரச் சொல்லிட்டாருக்கா” என்றாள். இந்தத் தடவை முகம் முழுக்கச் சிரித்தது.

கொஞ்ச நேரத்தில் அழகுசாதனப் பிரிவுப் பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால் பில் கவுண்டரிலிருந்து இரண்டு பேர். கிடங்கில் உட்கார வெங்காய மூட்டை போதவில்லை. வெளியே வரிசை நீண்டு, ஆட்கள் கூச்சல் போட ஆரம்பித்த பிறகு, மேலாளரே வந்து எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டான். எழுத்தைப் பற்றி அன்று அதற்குமேல் பேசவில்லை. “சனிக்கிழமை முதலாளி வர்றார், போட்டோ எடுக்கப் போறாங்க. அன்னிக்காவது என் மானத்தைக் காப்பாத்துங்க” என்று மட்டும் கெஞ்சினான்.

முதல் கவுண்டரில் ஒருத்தி இருந்தாள். தராசோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள், பல வருடங்களாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுபவள். அவள் மட்டும் திருப்பிப் போடவில்லை. “உனக்கு வீட்டுக்காரர் சம்பாத்தியம் இருக்கு. எனக்கு நான்தான். என்னை இழுக்காதே” என்றாள். தராசு இழுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருவரும் வேறு வேறு மூலையில் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்பே முதலாளி வந்துவிட்டார். கைவண்டியில் சோப்பு விற்று மேலே வந்தவர்; அதைத் தானே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கூடவே கேமராவோடு விளம்பரக்காரர். பெண்களை வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். முதல் கவுண்டர்க்காரி ஒருத்தியைத் தவிர எல்லார் மார்பிலும் தையல் விளிம்புதான் தெரிந்தது.

“என்னம்மா இது, அவசரத்துல போட்டுக்கிட்டீங்களா?” என்றார் முதலாளி, நல்ல மனநிலையில்.

மேலாளர் தரையைப் பார்த்தான். தராசு ஓரடி முன்னால் வந்தாள்.

“அவசரம் இல்லீங்க ஐயா. யோசிச்சுத்தான் போட்டிருக்கோம். இந்த வரி சாமானுக்கு எழுதினது. சாமான் மேல ஒட்டுங்க. எங்க மேல ஒட்டினா, நாங்கதான் சாமான்னு ஆயிடுது. அப்படித்தான் வர்றவங்க பேசுறாங்க.”

விளம்பரக்காரர் குறுக்கே வந்தார். “தப்பு பாக்குறவங்க மனசுல இருக்கு மேடம். எழுத்துல இல்ல.”

“இருக்கட்டும். அந்த மனசு நாள் முழுக்க யார் முன்னாடி வந்து நிக்குது? உங்க முன்னாடியா?”

முதலாளியின் முகத்தில் இருந்த நல்ல மனநிலை வடிந்தது. “ஏம்மா, உழைக்கிறதுல என்ன வெக்கம்? என் மருமககிட்ட கொடுத்தா அவளே இதைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பா.”

“கூப்பிடுங்க ஐயா” என்றாள் தராசு.

“என்ன?”

“அவங்களைக் கூப்பிடுங்க. இதைப் போட்டுக்கிட்டு அவங்க ஒரு நாள் இந்த வாசல்ல நிக்கட்டும். அவங்களுக்குப் பக்கத்துல நானும் எழுத்து வெளிய தெரியப் போட்டுக்கிட்டு நிக்கிறேன். யார் என்ன கேட்டாலும் சிரிக்கிறேன்.”

முதலாளி மருமகளை அந்த மஞ்சள் டீ-ஷர்ட்டில் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. நினைக்க முடியாததை நினைக்க வைத்தவள்மேல் கோபம் திரும்பியது.

“நாளையில இருந்து நீ வர வேண்டாம்.”

தராசின் குரல் தளரவில்லை. “அதை நாளைக்குப் பாத்துக்கலாம் ஐயா. இப்போ கடை தொறக்கிற நேரம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மின்தராசுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். விளம்பரக்காரர் முதல் கவுண்டர்க்காரியை மட்டும் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று இரவு கணவன் போனில், “வேணாம்னு சொன்ன இடத்துல போய் நிக்கிறது அவமானம்” என்றான். “நிக்க வச்சதுதான் அவமானம். நானா போய் நின்னா அது வேற” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமைதான் விற்பனையின் பெரிய நாள். அவள் பழைய சாம்பல் டீ-ஷர்ட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனாள். வாசல் காவலாளி சங்கடத்தோடு வழிமறித்தார். “உங்களை உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவும்மா.”

“சரி அண்ணே. நீங்க உங்க வேலையைப் பாருங்க” என்று படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

புதுசு வந்தாள். அவளும் சாம்பல். உள்ளே போகாமல் தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். அழகுசாதனப் பிரிவுப் பெண் வந்தாள், நின்றாள். பேருந்து ஒவ்வொன்றாக வர வர, சாம்பல் வரிசை நீண்டது. யாரும் கோஷம் போடவில்லை. வாடிக்கையாளர்கள் விசாரித்தார்கள், புதுசு ஒரு மஞ்சள் டீ-ஷர்ட்டைப் பையிலிருந்து எடுத்துத் தன்மேல் வைத்துக் காட்டி, “இதை உங்க வீட்டுப் பொண்ணு போட்டுக்கிட்டு நிப்பாங்களா?” என்று மட்டும் கேட்டாள். கேட்ட பெண்கள் சிலர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு அங்கேயே நின்றார்கள். ஒரு அம்மாள் தன் கணவரைப் பார்த்த பார்வையில் அவர் எதற்கோ மன்னிப்புக் கேட்டார்.

முதல் கவுண்டர்க்காரி வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு அவர்களைக் கடந்து உள்ளே போனாள். அத்தனை பெரிய கடையில் அவள் ஒருத்தியின் கவுண்டர் மட்டும் ஓடியது. வரிசை பால் பிரிவுவரை போய்த் திரும்பியது. ஆண்களில் சிலரைப் பில் போட உட்கார வைத்தார்கள். அவர்கள் முதுகில் இருந்த எழுத்தைப் படிக்க யாரும் அக்கறை காட்டவில்லை.

மேலாளர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி நடந்தான். கடைசியில் வெளியே வந்தான். டை தளர்ந்திருந்தது.

“உள்ள வாங்கக்கா.”

“எந்தச் சட்டையோட?”

“போட்டிருக்கிறதோட.”

“நாளைக்கு?”

“நாளைக்கும். முதலாளி சொல்லிட்டார்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அவரோட மருமகளும் அங்க இருந்தாங்க போல. போன்ல அவங்க குரல்தான் ஓங்கிக் கேட்டுச்சு” என்றான்.

தராசு உடனே நகரவில்லை. புதுசைப் பார்த்தாள். “ஏப்ரனை அவுக்கச் சொன்னீங்களே, அதுக்கு இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் உள்ள வர்றோம்.”

அவன் சொன்னான். சரியாகச் சொல்லத் தெரியவில்லை, வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்.

மஞ்சள் டீ-ஷர்ட்டுகளை என்ன செய்வது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரவில்லை. கிடங்கு ஆண்கள் தாங்களாகவே அவற்றை எடுத்துப்போய், அடுக்கிவைத்த எண்ணெய் டின்களுக்கு மாட்டிவிட்டார்கள். உண்மையில் இலவசம் கொடுத்ததும் அந்த எண்ணெய்க்குத்தான்.

அன்று மாலை உடை மாற்றும் அறையில் முதல் கவுண்டர்க்காரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலையில் ஒற்றை ஆளாக உழைத்த விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். “நான் உள்ள போனதைத் தப்பா நினைச்சுக்காதே” என்றாள்.

“நினைச்சேன். இப்பவும் நினைக்கிறேன்” என்றாள் தராசு. டப்பாவைத் திறந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். “சாப்பிடு. அப்புறம் பேசிக்கலாம்.”

முதலாளி அதற்குப் பிறகு கடைக்கு வந்தால் காய்கறிப் பிரிவுப் பக்கம் வருவதே இல்லை. தராசுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று நடந்தது: அடுத்த விற்பனைக் காலம் நெருங்கியபோது, மொத்தமாகத் தைப்பதற்கு முன்பே விளம்பரக்காரர் மாதிரிக்கு ஒரு டீ-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பெண்களிடம் காட்டிவிட்டு வா என்று அனுப்பியிருந்தார்கள். பச்சை நிறம், காலர் வைத்தது, துணியும் பரவாயில்லை. அவர் அதை மேஜைமேல் விரித்துவிட்டு நம்பிக்கையோடு நிமிர்ந்தார். அதில், ‘உங்கள் புன்னகையே எங்கள் சம்பளம்’ என்று எழுதியிருந்தது.

எல்லாரும் தராசைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் புதுசு டீ-ஷர்ட்டை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“அப்போ மாசக் கடைசியில பால்காரருக்கு நான் யாரோட பல்லைக் காட்டுறது? கொண்டுபோங்க சார். வேற எழுதிக்கிட்டு வாங்க.”